கழித்தல் குறிக்குப் பிறகு

நீ செத்ததற்குக் காரணம் எங்கள் ஆபீஸ். பாறை வழுக்கியது என்று போலீஸ் எழுதியது, உன் கவனக்குறைவு என்று ஆபீஸ் எழுதியது. இரண்டையும் படித்தேன். இந்த ஆபீஸில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அதனால் ‘எங்கள்’ என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன்.

இன்று மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு பழுப்புக் கவர் வந்தது. உள்ளே உன் ஃபீல்டு நோட்டு. ஆற்றங்கரையில் கல்லுக்கு அடியில் இருந்ததாம். அரசாங்கச் சொத்து என்பதால் உன் அம்மாவிடம் கொடுக்காமல் ஆபீஸுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கவரைக் கிழித்ததும் பெயிண்ட் வாசம் அடித்தது. இரண்டரை மாதம் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்தும் அது போகவில்லை. அட்டையின் மூலையில் உன் கட்டைவிரல் ரேகை மஞ்சளாக ஒட்டியிருக்கிறது.

கடைசியாக நீ எழுதிய பக்கத்தைத் திறந்தேன். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவது கட்டத்தில் நேரம், காலை 8.05. மூன்றாவது கட்டம் நீர்மட்டம். அதில் ஒரு கழித்தல் குறி மட்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

உன் வழக்கம் எனக்குத் தெரியும். கரையில் நின்றபடியே தேதி, நேரம், மைனஸ் மூன்றையும் எழுதிவிடுவாய். நோட்டின் மேல் கல்லைத் தூக்கி வைப்பாய், செருப்பைக் கழற்றிப் போடுவாய், பிறகு இறங்குவாய். பாறையில் இறங்க இரண்டு கையும் வேண்டும். மேலே ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு எண்ணை எழுதுவாய். அன்று எண்ணை எழுத நீ ஏறி வரவில்லை.

இப்போது மணி மூன்று. இன்று மே முப்பத்தொன்று. எங்கள் ஆபீஸுக்கு ஆண்டு என்பது ஜூனில் தொடங்கி மேயில் முடிகிறது. மழையோடு தொடங்கி வறட்சியோடு முடியும் நீராண்டு. ஐந்து மணிக்கு சூப்ரண்டு சார் தன் பாஸ்வேர்டைப் போட்டு இந்த ஆண்டைப் பூட்டுவார். பூட்டிய பிறகு அதற்குள் இருக்கும் எந்த எண்ணையும் யாரும் மாற்ற முடியாது. உன் கடைசி நாளுக்கு நேரே கம்ப்யூட்டரில் ஓர் எண் இருக்கிறது: 0.01 மீட்டர். பூஜ்யத்துக்கு மேலே ஒரு சென்டிமீட்டர். அதை நீ அனுப்பவில்லை. நான் போட்டேன். அது அப்படியே பூட்டப்பட்டால் நீ ஆற்றில் குளிக்கப் போய்ச் செத்தவளாகவே இருப்பாய்.

எப்படி என்று உனக்குத் தெரிய வேண்டும். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொன்னாலும் அது எனக்குச் சரியாக வராது. அதனால் வீணாய்ப்போன பிரிண்ட்அவுட்களின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். சூப்ரண்டு சார் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். டேட்டா சரிபார்க்கிறேன் என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல.

உன்னை இந்த வேலைக்கு இழுத்துவிட்டவளே நான்தான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றோம், ஞாபகம் இருக்கிறதா? நீ ஏதோ பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாய். டிகிரி முடித்து மூன்று வருஷம், நீ எழுதியது எத்தனையாவது பரீட்சை என்று உனக்கே நினைவில்லை. எங்கள் ஆபீஸில் ஆறு அளக்க ஆள் எடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

“ஏட்டி, ஆத்தப் பாக்குறதுக்குச் சம்பளமா?”

“தினக்கூலிதான். காலம்பற எட்டு மணிக்கு அந்தப் பழைய பாலத்தடிக்குப் போணும். ஸ்கேல்ல தண்ணி எங்க நிக்கின்னு பாத்து எனக்கு வாட்ஸ்அப் பண்ணணும். எட்டரைக்குள்ள மெசேஜ் வந்துரணும். அவ்வளவுதான்.”

“எனக்கு நீச்சல் தெரியாதேட்டி.”

“நீ நீந்தாண்டாம். பாத்தாப் போதும்.”

பார்த்தால் போதும் என்று சொன்னேன். உன்னைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்தும் சொன்னேன். எட்டாம் வகுப்பில் டீச்சர் போர்டில் கணக்கைத் தப்பாகப் போட்டபோது, முழு வகுப்பும் அந்தத் தப்பை நோட்டில் பார்த்து எழுதியது. நீ மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். கேட்டதற்கு, “தப்ப எழுதுனா பக்கம் வேஸ்ட் டீச்சர்” என்றாய். அப்படிப்பட்டவளை ஆறு பார்க்க அனுப்பினேன்.

எங்கள் ஆபீஸில் ஆறு என்பது ஸ்கேல். பாலத்தின் தூணில் பதித்த இரும்புப் பட்டை, கறுப்பு வெள்ளைக் கோடுகள், அடியில் பூஜ்யம். அதை நட்ட காலத்தில் ஆற்றின் அடிமட்டமே அந்தப் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. தண்ணீர் அதற்குக் கீழே போக இடமில்லை. பிறகு மணல் அள்ளினார்கள். வருஷக்கணக்காக, லாரி லாரியாக. அள்ளியவர்கள் யாரென்று அந்த ஊரில் கைக்குழந்தைக்குத் தெரியும், எந்த ஃபைலுக்கும் தெரியாது. ஆற்றின் அடி கீழே இறங்கிப் போயிற்று. ஸ்கேல் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. இப்போதெல்லாம் கோடை வந்தால் பூஜ்யம் காற்றில் தொங்கும். தண்ணீர் அதற்கும் கீழே, பாறைகளுக்கு நடுவில், மணல் தோண்டிய குழிகளில் கறுப்பாகக் கிடக்கும்.

இதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஸ்கேலைத் தொடவில்லையா, பூஜ்யம் போடு. ஆனால் தொடர்ந்து மூன்று நாள் ஒரே எண் வந்தால் சாஃப்ட்வேர் சிவப்புக் கொடி காட்டும். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள். அதனால் ஒரு நாள் பூஜ்யம், மறுநாள் ஒரு சென்டிமீட்டர், அடுத்த நாள் இரண்டு, பிறகு மறுபடி பூஜ்யம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இதற்குப் பெயர் உயிர் கொடுப்பது. நான் சேர்ந்த முதல் வாரமே சூப்ரண்டு சார் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். மலையாளத்தையும் தமிழையும் எனக்காகக் கலந்து பேசுவார்.

“வெறும் பூஜ்யமா போட்டா செத்த மாதிரி இருக்கும் மோளே. கொஞ்சம் உயிர் கொடுக்கணும், கேட்டோ.”

நான் கொடுத்தேன். இரண்டு கோடை, தினமும், டீ குடித்துக்கொண்டே.

பிப்ரவரியில் உன் முதல் மைனஸ் வந்தது. மைனஸ் பன்னிரண்டு சென்டிமீட்டர். உனக்கு போன் செய்தேன்.

“ஏட்டி, மைனஸெல்லாம் எடுக்காது. சீரோ போடு.”

“தண்ணி சீரோல இல்ல. கீழ கிடக்கு. நான் கண்ணால பாத்தேம்லா?”

“சாஃப்ட்வேர் எடுக்காதுட்டி.”

“அப்ப அந்த சாஃப்ட்வேர இங்க வரச் சொல்லு. ஸ்கூட்டர்ல பின்னால ஏத்திக் கொண்டுபோய்க் காட்டுதேன்.”

சூப்ரண்டு சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “ஆறு மைனஸ்ல போகுமோ? அதென்ன ஃப்ரீசரா?” ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் பன்னிரண்டை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நீ சாலை பஜாரில் அப்பாவின் இரும்புக் கடைக்கு வந்து நின்றாய். அப்பா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, பெயிண்ட் வேணும். சின்ன டின் போதும்.”

“வீட்டுக்கா மக்கா?”

“ஆத்துக்கு.”

அப்பா தராசை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். “ஆத்துக்குப் பெயிண்டா? அரசாங்கத்துல அடுத்த திட்டம் அதானாக்கும்?”

“சிரிக்காதீங்க மாமா. பாசி பிடிச்சாலும் கண்ணுக்குத் தெரியணும். எந்தக் கலரு நல்லது?”

“அப்ப மஞ்சள். தண்ணில நிக்கணும்னா எனாமல் எடுத்துக்கோ. பிரஷ்ஷு நான் தாறேன். ஆனா திருப்பிக் கொண்டாரணும், பாத்துக்கோ. போன தடவ உன் கூட்டுக்காரி, என் மக, கொண்டுபோன ஸ்குரூடிரைவரே இன்னும் வரல.”

மறுநாள் ஞாயிறு. நானும் உன்னோடு வந்தேன். அந்தப் பாலத்தடிக்கு நான் போனது அந்த ஒரே தடவைதான். அந்த ஆற்றின் எண்களை இரண்டு வருஷம் டைப் செய்தவள் ஆற்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ தூணின் அடிக்கல்லில் குப்புறப் படுத்துக்கொண்டாய். நான் உன் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். டேப்பைப் பூஜ்யத்தில் வைத்து அளந்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டாய். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மைனஸ் போட்டு எண்ணை எழுதினாய். மைனஸ் எழுபது வரைக்கும் உன் கை எட்டியது; அன்று தண்ணீருக்கு அடியில் இருந்த கோடுகளைத் தண்ணீர் இறங்க இறங்கப் பிறகு நீயே போட்டுக்கொண்டாய். அதற்குக் கீழே பாறை சரிந்து குழிக்குள் போகிறது. ஆழம் பார்க்கலாம் என்று நான் ஒரு மூங்கிலை விட்டேன். மூங்கில் முழுக்கப் போயும் அடி தட்டவில்லை.

“எழுபதுக்குக் கீழ போனா என்ன செய்வே?” என்று கேட்டேன்.

“போகாது.”

“போனா?”

“எறங்கிப் பாப்பேன். வேறென்ன செய்ய?” பிறகு நீயே யோசித்தாய். அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினாய். கீழே இன்னொரு ஸ்கேல் வேண்டும், இறங்க நாலு படி வேண்டும், பிடிக்க ஒரு கம்பி வேண்டும். மூன்றே வரி. திங்கட்கிழமை அதற்கு நம்பர் போட்டு ஃபைலில் சேர்த்தவள் நான்தான். சூப்ரண்டு சார் ‘பரிசீலிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார் பரிசீலிக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஃபைல் இப்போதும் எனக்கு எதிரே அலமாரியில், மேலிருந்து மூன்றாவது தட்டில் இருக்கிறது. படி கட்ட ஆகும் சிமென்ட் எங்கள் கடையில் ஒரு மூலையில் அடுக்கியிருப்பதை விடக் குறைவுதான். அதை நான் அப்பாவிடம் கேட்டிருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது.

மார்ச் தொடக்கத்தில் நீ அட்டெண்டன்ஸ் கொடுக்க ஆபீஸுக்கு வந்தாய். என் ஸ்க்ரீனில் உன் ஆற்றின் கிராஃப் திறந்திருந்தது. அன்றைக்கு வறட்சிக் கூட்டத்துக்கு அதை அனுப்ப வேண்டியிருந்தது. எந்த ஊருக்குத் தண்ணீர் லாரி போக வேண்டும் என்று முடிவு செய்கிற கூட்டம். நான் மறைப்பதற்குள் நீ பார்த்துவிட்டாய். பூஜ்யத்துக்கு மேலே ஒரு மெல்லிய கோடு, உயிரோடு இருப்பது போல ஏறி இறங்கிக்கொண்டு போனது.

“இது எந்த ஆறு?”

நான் அவசரமாக மவுஸைத் தேடினேன்.

“நான் நேத்து மைனஸ் அறுபத்தஞ்சுன்னு அனுப்புனேன். இங்க ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி நிக்கி. எங்கேருந்து வந்துது? உங்க வீட்டு டேங்குலேருந்து ஊத்துனியா?”

“மெதுவாப் பேசுட்டி. சார் இருக்காரு.”

“சாரும் கேக்கட்டும். எங்க காலனில பைப்பத் திறந்தா காத்து வருது. அதே ஆத்துத் தண்ணியாக்கும் எங்களுக்கு. அம்மா காலம்பற நாலு கொடத்தத் தூக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போய் நிக்கா. அப்புறம்தான் வேலைக்கு ஓடுகா. லாரி ஏன் வரலன்னு மெம்பர்ட்ட கேட்டா, ஆத்துல தண்ணி நிலையா இருக்குன்னு கடலாசுல இருக்காம். அந்தக் கடலாசு நீதானாட்டி?”

“எனக்கு வேலை போயிரும்.”

இதைச் சொன்னபோது உன் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். ஆனால் உன் குரல் இறங்கிவிட்டது.

“செரி. நான் எழுதுறத எழுதிட்டே இருப்பேன். நீ அழிக்கிறத அழிச்சிட்டே இரு. எவளுக்கு முதல்ல கை வலிக்குன்னு பாப்போம்.”

அதுதான் நேரில் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு காலையில் உன் எண் மட்டும் வரும். குட் மார்னிங் இல்லை, சிரிப்பு இல்லை. மைனஸ் அறுபத்தெட்டு. மைனஸ் எழுபத்தொன்று. எழுபத்தொன்று வந்த அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் மஞ்சள் கோடுகள் முடிந்துவிட்டன, நீ டேப்பை எடுத்துக்கொண்டு குழியின் ஓரம் வரை இறங்குகிறாய் என்று. தெரிந்ததா என்று கேட்டால், தெரிந்தது. கோபத்தில் இருந்தேன், போன் செய்யவில்லை.

அந்த வியாழக்கிழமை எட்டரைக்கு உன் எண் வரவில்லை. எட்டே முக்கால் ஆயிற்று. உனக்குக் கை வலித்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எட்டு ஐம்பதுக்கு உன் கட்டத்தில் 0.01 என்று போட்டேன். முந்தின நாள் பூஜ்யம் போட்டிருந்ததால் அன்றைக்கு ஒன்று. உயிர் கொடுத்தேன். போட்டுவிட்டு, போனால் போகிறது என்று உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். ‘ரீடிங் எங்கட்டி? எவ்வளவு?’ ஒரே ஒரு டிக் விழுந்தது. இன்றைக்கும் ஒரு டிக்தான்.

பத்து மணிக்கு ஆடு மேய்க்க வந்தவர் உன் செருப்பைப் பார்த்திருக்கிறார்.

எங்கள் ஆபீஸின் விசாரணைக் குறிப்பு ஒரு பக்கம்தான். அதை டைப் செய்யும் வேலையையும் எனக்குக் கொடுத்தார்கள். அன்றைய நீர்மட்டம் காலை 8.50-க்கே பதிவாகியிருப்பதால் பணி அதற்குள் முடிந்துவிட்டது. அளவு பூஜ்யத்துக்கு மேலே இருந்ததால் கரையில் நின்றே அதைப் பார்த்திருக்க முடியும், கீழே இறங்கத் தேவையில்லை. செருப்பு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. எனவே பணிக்குப் பிறகு குளிப்பதற்காக இறங்கியபோது தவறி விழுந்ததாகக் கருதப்படுகிறது. நான் போட்ட ஒரு சென்டிமீட்டரின் மேல் அந்தப் பக்கம் முழுக்க நிற்கிறது. டைப் செய்தேன். எழுத்துப் பிழை பார்த்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் முடிந்து உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். சாலை பஜாரில் அவர்கள் வேலை பார்க்கும் மிளகாய் வத்தல் குடோனில்தான், மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டார்கள். காம்பு கிள்ளிக்கொண்டே பேசினார்கள். குடோன் நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. அவர்களுக்கு அதெல்லாம் பழகிப்போய்விட்டது. அதனால் அவர்கள் கண்ணில் வழிந்தது வத்தலால் என்று என்னை நான் ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

“குளிக்கப் போனான்னு சொல்லுதாவ மக்கா. கன்னியாகுமரி போனப்ப கடல்ல கால் நனைக்கவே என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்ன பிள்ளை அவ. வேலைக்குப் போன எடத்துல ஆத்துல குளிப்பாளா? ஊருல ஒருத்தி கேக்கா, மாத்துத் துணி கொண்டு போயிருந்தாளான்னு. அப்படிக் கேக்கா, பாத்துக்கோ.”

நான் வத்தல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ அந்த ஆபீஸ்லதான இருக்க? கேட்டுச் சொல்லு. அவ எதுக்கு எறங்குனா? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அத மட்டும் கேட்டுச் சொல்லு.”

“கேக்கேன் அத்தை” என்றேன். யாரிடம் கேட்பது? பதில் என் கீபோர்டில் இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னவள் அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. அப்பா கடைக்குப் போக வேண்டுமென்றால் கிழக்கேகோட்டைப் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறேன். அப்பாவும் பிரஷ்ஷைப் பற்றிக் கேட்பதில்லை.

இத்தனை நாள் ஏன் பேசாமல் இருந்தேன் என்று நீ கேட்பாய். நான் சொன்னால் யார் நம்புவார்கள், சாட்சி இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அந்தச் சாட்சி பழுப்புக் கவரில் என் மேஜைக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. உன் கையெழுத்தில் ஒரு சின்னக் கோடு. அளக்கத்தான் இறங்கினாய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? குளிக்கப் போகிறவள் எவளாவது மைனஸ் போட்டு வைத்துவிட்டு இறங்குவாளா?

மணி நாலு பத்து. போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். நாலு நாற்பது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நோட்டை சூப்ரண்டு சார் முன்னால் திறந்து வைத்தேன். பக்கத்தில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கத்தையும் வைத்தேன்.

“சார், அன்னிக்கு அவ ரீடிங் வரவே இல்ல. அந்த 0.01 நான் போட்டது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இது இப்போ எதுக்கு மோளே? இயர் க்ளோஸ் பண்ணணும்.”

“அதுக்குத்தான் இப்ப சொல்லுதேன். பூட்டுன பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?”

என் கடிதத்தைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. பக்கத்து மேஜைகளில் டைப் சத்தம் நின்றுவிட்டது.

“ஒப்பு, கையெழுத்து, வேற போட்டிருக்கே. இது மேல போனா உன் வேலை போகும். அது தெரியாதா உனக்கு?”

“தெரியும் சார்.”

“என்னோடதும் போகும். ரிட்டயராக எனக்கு எத்தனை மாசம்னு உனக்குத் தெரியுமல்லோ.”

“உயிர் கொடுக்கச் சொன்னது நீங்கதான்னு ரெண்டாவது பத்தில இருக்கு சார். சொன்னத செஞ்சது நான்னு முதல் பத்தில இருக்கு.”

என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தபோது தன் காரில் கொண்டுபோய் விட்டவர் அவர். அந்த நினைப்பு குறுக்கே வந்து நின்றது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ வீரமாகப் பேசியது போல ஆகிவிடும்.

“அந்தக் குட்டி போயாச்சு” என்றார் மெதுவாக. “மழையும் வந்தல்லோ. ஆறு நிறைஞ்சு ஓடுது. இனி அந்த ஒரு நாளை நோண்டி யாருக்கு என்ன கிடைக்கும்?”

“அவ அம்மாவுக்கு ஒரு பதில் கிடைக்கும் சார். அந்த அம்மா மழையக் கேக்கல.”

அவர் எழுந்து ஜன்னல் வரை போனார். திரும்பி வந்து உன் நோட்டை எடுத்து அந்தக் கழித்தல் குறியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிழித்துவிடுவார் என்று பயந்து ஒரு காலை முன்னால் வைத்தேன். கிழிக்கவில்லை. என் கடிதத்தின் மூலையில் ‘பெற்றேன்’ என்று எழுதித் தேதி போட்டார்.

“செரி. அந்த 0.01-ஐ எடு. எடுத்துட்டுப் பின்னே என்ன போடுவே? கட்டம் காலியா கிடந்தா க்ளோஸ் ஆகாது. முந்தின நாளையும் பின்னால புது ஆள் அனுப்பினதையும் வச்சு நடுவுல ஒண்ணு போடு.”

“போட மாட்டேன் சார்.”

“பின்னே நம்பருக்கு யார்கிட்ட போறது? அவகிட்ட போய்க் கேட்க முடியுமோ?”

கோபமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

0.01-ஐ அழித்துவிட்டேன். என் கடிதத்தின் நகலும் உன் பக்கத்தின் போட்டோவும் மேலிடத்துக்கு மெயிலில் போய்விட்டன. இனி அதை யாரும் மூன்றாவது தட்டில் வைக்க முடியாது என்று நினைக்கிறேன். வைக்கவும் வைப்பார்கள், எனக்கு அவர்களைத் தெரியும். இன்னொரு நகல் என் பையில் இருக்கிறது. ஆபீஸ் விட்டதும் சுற்று வழியில் போகப் போவதில்லை. நேராக அந்த வத்தல் குடோனுக்குப் போவேன். அவள் அளக்கத்தான் இறங்கினாள் அத்தை என்று சொல்வேன். குளிக்கப் போனதாகச் சொன்ன பொய்க்கு நான்தான் எண் கொடுத்தேன் என்பதையும் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

இப்போது மணி நாலு ஐம்பத்தைந்து. ஆண்டு முழுக்க எல்லாக் கட்டத்திலும் எண் இருக்கிறது. உன் பிப்ரவரி, மார்ச் கட்டங்களில் நான் கொடுத்த பொய் உயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உன் நோட்டில் பதில் உண்டு, ஒவ்வொன்றாகத் திருத்தச் சொல்லிப் போராடலாம். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக மினுங்கிக்கொண்டிருக்கிறது. ‘மதிப்பை உள்ளிடவும்’ என்று சிவப்பில் கேட்கிறது. சூப்ரண்டு சார் பாஸ்வேர்டைப் போட்டு இரண்டு முறை முயன்றுவிட்டார், ஆண்டு பூட்டவில்லை.

முந்தின நாள் மைனஸ் எண்பத்திரண்டு. நாளுக்கு ஒன்றோ இரண்டோ இறங்கிக்கொண்டிருந்தது. எண்பத்துமூன்றாக இருக்கலாம், எண்பத்துநாலாக இருக்கலாம். கணக்குத் தெரிந்த எவரும் ஊகிக்கலாம். நான் ஊகிக்க மாட்டேன். ஊகித்துத்தான் இந்த நிலைக்கு வந்தேன்.

நீ பார்த்திருப்பாய். டேப்பின் நுனி தண்ணீரைத் தொட்ட பிறகுதான் கால் வழுக்கியிருக்கும், அளக்காமல் திரும்புகிறவள் இல்லை நீ. அந்த ஆற்றின் அன்றைய உண்மை உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். உன் கழித்தல் குறி என்னிடம் இருக்கிறது. இனி அதை அழிக்க என் கைக்கு வராது. அதற்குப் பக்கத்தில் போட ஒரு எண்தான் வேண்டும். நான் கேட்ட நாளிலிருந்து நீ சொல்லவில்லை.

சொல்லுட்டி. எவ்வளவு?